புத்யோன்னோவ்ஸ்க், ஜூன் 1995: ஒரு மருத்துவமனையும் ஒரு தொலைபேசி அழைப்பும்

ரஷ்ய ராணுவத்தில் ‘சரக்கு 200’ என்று ஒரு குறிச்சொல் உண்டு. ஆப்கானிஸ்தான் போர்க் காலத்தில் புழக்கத்துக்கு வந்தது. போர்முனையில் செத்த சிப்பாயின் உடலைத் துத்தநாகப் பெட்டியில் வைத்து மூடி ஊருக்கு அனுப்புவார்களே, அதுதான் சரக்கு 200. அப்படி ஒரு வண்டி வந்தால் சோதனைச் சாவடியில் நிற்கும் காவலர் அதைத் திறந்து பார்க்கத் தயங்குவார். உள்ளே யார் வீட்டுப் பிள்ளை கிடக்கிறானோ!

1995 ஜூன் 14 அன்று, ரஷ்யாவின் தெற்கு ஓரத்தில் காகசஸ் மலைப் பகுதியில் இருக்கும் செச்சன்யாவிலிருந்து வடக்கே கிளம்பிய மூன்று ராணுவ கமாஸ் லாரிகள் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் சாவடி சாவடியாகத் தாண்டின. முன்னால் போலீஸ் வண்டி போல வண்ணம் பூசிய ஒரு கார். லாரிகளுக்குள் பிணம் எதுவும் இல்லை. தார்ப்பாய்க்குக் கீழே இயந்திரத் துப்பாக்கிகளோடும் ராக்கெட் லாஞ்சர்களோடும் 150 பேருக்கு மேல் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். தலைவர், செச்சன்யத் தளபதி ஷமில் பசாயெவ்; அப்போது வயது 30.

சொல் செல்லாத இடத்தில் பணம் செல்லுபடியானது. வழியெல்லாம் லஞ்சம் கொடுத்துக்கொண்டே வந்ததாகவும், கையிலிருந்த பணம் தீர்ந்துபோனதால்தான் பாதியில் நிற்க வேண்டியதாயிற்று என்றும் பசாயெவ் பிற்பாடு நிருபர்களிடம் சொன்னார். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு எகத்தாளம் என்பது தனி விஷயம். ஆனால் ரஷ்யாவில் இதைக் கேட்டு யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அதுதான் கவனிக்க வேண்டியது.

பிரஸ்கோவேயா என்ற கிராமத்துச் சாவடியில் இருந்தவர்களுக்கு மட்டும் சந்தேகம் வந்தது. திறந்து காட்டு என்றார்கள், வண்டிக்காரர்கள் மறுத்தார்கள். சரி, ஸ்டேஷனுக்கு வாருங்கள், அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று போலீஸே முன்னால் போய் அந்த லாரிகளை புத்யோன்னோவ்ஸ்க் ஊருக்குள் அழைத்துப் போனது. அதாவது, தன் கடமையைச் செய்த அந்த ஒரே சாவடிதான் கடைசியில் ஊரின் தலையில் இடியை இறக்கியது. நண்பகல் வாக்கில் காவல் நிலையத்து வாசலில் தார்ப்பாய்கள் விலகின.

இந்த நிகழ்வை நான் பல தடவை படித்திருக்கிறேன். முற்றுகை நடந்தது ஐந்தாறு நாள்தான். ஆனால் அதற்குப் பிறகு ரஷ்யாவில் நடந்த எல்லாப் பணயக்கைதி நெருக்கடிகளிலும் இதன் நிழல் விழுந்திருக்கிறது. அந்த நிழலை மாஸ்கோ தப்பாகப் புரிந்துகொண்டது என்பது என் கருத்து. அதைப் பிறகு சொல்கிறேன். ஒரு சின்ன விளக்கம் மட்டும் இப்போது. போராளி, தீவிரவாதி, பயங்கரவாதி என்று எந்தச் சொல்லைப் போட்டாலும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும், தமிழில் எழுதுகிறவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். நான் ‘ஆயுததாரிகள்’ என்று எழுதுகிறேன். பிரசவ வார்டைப் பிடித்து வைத்துக்கொண்டவர்களைப் போராளிகள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு மணி நேரப் போர்

சோவியத் யூனியன் உடைந்த 1991-ல் செச்சன்யா தன்னைத் தனி நாடு என்று அறிவித்துக்கொண்டது. விமானப்படை ஜெனரலாக இருந்த ஜோகார் துதாயெவ் அதிபரானார். மூன்று வருடம் இழுத்தடித்துவிட்டு 1994 டிசம்பர் 11 அன்று ரஷ்ய அதிபர் யெல்ட்சின் படையை அனுப்பினார். ஒரே ஒரு பாராசூட் ரெஜிமென்ட் போதும், இரண்டு மணி நேரத்தில் செச்சன்யத் தலைநகர் க்ரோஸ்னியைப் பிடித்துவிடலாம் என்று பெருமை பேசியவர் பாதுகாப்பு அமைச்சர் பாவெல் கிராச்சொவ். புத்தாண்டு இரவில் நகருக்குள் போன டாங்கிகள் தெருத் தெருவாக எரிந்தன. நகரைப் பிடித்து முடிக்க வாரக் கணக்கில் ஆனது. அதற்குள் விமானக் குண்டும் பீரங்கியும் நகர மையத்தை இடித்துத் தள்ளிவிட்டன. அங்கே செத்தவர்களில் பெரும்பாலோர் சாதாரண ஜனங்கள். மலைக் கிராமங்களில் சொந்தபந்தம் இல்லாததால் தப்பிப் போக இடமில்லாத ரஷ்யக் கிழவன் கிழவிகளும் அதில் ஏராளம்.

ஏப்ரலில் சமாஷ்கி என்ற கிராமத்துக்குள் உள்துறைப் படைகள் புகுந்து வீடு வீடாகக் கொன்றன. குறைந்தது 103 பேர் என்று ‘மெமோரியல்’ மனித உரிமை அமைப்பு பெயரோடு பட்டியலிட்டது. ஜூன் தொடக்கத்தில் மலையடிவாரத்து வெதெனோ விழுந்தது. அது பசாயெவின் சொந்தப் பகுதி. அங்கே விழுந்த விமானக் குண்டில் அவருடைய உறவினர்கள் 11 பேர் ஒரே வீட்டில் செத்தார்கள். ஜூன் 13 அன்று ஷதோய், நோஜாய்-யூர்த் இரண்டும் ரஷ்யர் கைக்குப் போயின. வரைபடத்தைப் பார்த்தால் போர் முடிந்துவிட்டது. மறுநாள்தான் லாரிகள் கிளம்பின.

இந்தத் தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்காவிட்டால் புத்யோன்னோவ்ஸ்க் புரியாது. பார்த்தாலும் அது நியாயமாகிவிடாது. தன் வீட்டில் விழுந்த குண்டுக்குப் பழி தீர்க்க, அந்தக் குண்டைக் கனவில்கூடக் கண்டிராத பிரசவக்காரியைப் பிடித்து வைப்பதற்குப் பெயர் வேறு.

பசாயெவுக்கு இது முதல் கைவரிசையும் இல்லை. 1991 நவம்பரில் மினரால்னியே வோதி விமான நிலையத்திலிருந்து ஒரு பயணிகள் விமானத்தைத் துருக்கிக்குக் கடத்திக்கொண்டு போனவர்களில் அவரும் ஒருவர். அந்தத் தடவை யாரும் சாகவில்லை. 1992-93-ல், ஜார்ஜியாவிலிருந்து பிரிந்துபோகப் போராடிய அப்காசியாவில் ஜார்ஜியாவுக்கு எதிராகச் சண்டை போட்டார். அப்போது அந்தப் போரில் அவர் நின்றது ரஷ்யாவுக்குப் பிடித்த பக்கம் என்பதால், அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

வெள்ளைத் துணி

செச்சன்ய எல்லைக்கு வடக்கே 100 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் அதிகமான தூரத்தில், ஸ்தாவ்ரோபோல் மாகாணத்தில் குமா நதிக்கரையில் இருக்கிறது புத்யோன்னோவ்ஸ்க். பழைய பெயர் ஸ்வியத்தோய் கிரெஸ்த், ‘புனிதச் சிலுவை’ என்று பொருள். சோவியத் காலத்தில் குதிரைப்படை மார்ஷல் புத்யோன்னியின் பெயரை வைத்தார்கள். ஊருக்குப் பக்கத்தில் ராணுவ ஹெலிகாப்டர் தளம் ஒன்று உண்டு. செச்சன்யாவில் சுடப் போகும் ஹெலிகாப்டர்கள் அங்கிருந்து பறந்தன. மற்றபடி போர் தொலைக்காட்சியில் மட்டும் நடக்கும் ஊர்.

முதலில் காவல் நிலையம். அப்புறம் நகர நிர்வாகக் கட்டடம். தெருவில் போனவர்கள், கடையில் நின்றவர்கள், அலுவலகத்தில் இருந்தவர்கள் என்று கையில் கிடைத்தவர்களை எல்லாம் சதுக்கத்தில் மந்தை போலச் சேர்த்தார்கள். காயம்பட்ட தங்கள் ஆட்களையும் தூக்கிக்கொண்டு, பிடித்த கூட்டத்தை நடத்திக்கொண்டு நகர மருத்துவமனைக்குப் போனார்கள். நோயாளிகள், மருத்துவர்கள், நர்சுகள், பிரசவத்துக்கு வந்திருந்தவர்கள், தெருவில் பிடிபட்டவர்கள் எல்லாம் சேர்த்து சுமார் 1,600 பேர் உள்ளே.

ஹெலிகாப்டர் தளத்தைச் சேர்ந்தவர்களைத் தேடிப் பிரித்தெடுத்துக் கொன்றார்கள். கோரிக்கைகள் மூன்று: போரை நிறுத்து, படையைத் திரும்ப அழை, துதாயெவுடன் பேச்சுவார்த்தை தொடங்கு. அதோடு, இதை உலகத்துக்குச் சொல்ல நிருபர்கள் உள்ளே வர வேண்டும். ஜூன் 15 அன்று குறித்த நேரத்துக்கு நிருபர்கள் வந்து சேரவில்லை. ஐந்து பேரைப் பிடித்துச் சுட்டுக் கொன்றார்கள். அப்புறம் நிருபர்கள் வந்தார்கள், பேட்டி நடந்தது. தொப்பியும் தாடியுமாக நிதானமான குரலில் பேசும் அந்த முகத்தை ரஷ்யா முழுதும் அன்றுதான் நேராகப் பார்த்தது.

இந்த ஐந்து பேரை நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிற்பாடு வெளியே வந்த கைதிகளில் சிலர் ‘பசாயெவ் ஆட்கள் எங்களிடம் மரியாதையாகத்தான் நடந்தார்கள், எங்களைச் சுட்டது நம் ராணுவம்தான்’ என்று சொன்னார்கள். இரண்டாவது பாதி பொய்யில்லை என்பதைக் கீழே பார்க்கப் போகிறோம். அதற்காக முதல் பாதியை விழுங்கிவிட முடியாது. நேரம் தவறியதற்காக மனிதர்களைக் கொன்ற கட்டடம் அது.

மாஸ்கோவில் என்ன நடந்தது? யெல்ட்சின் ஜி7 மாநாட்டுக்காகக் கனடாவின் ஹாலிஃபாக்ஸுக்கு விமானம் ஏறிவிட்டார். 1,600 பேர் துப்பாக்கி முனையில் இருக்கும்போது நாட்டின் அதிபர் கடல் தாண்டிப் போகலாமா என்ற கேள்வியை அவருடைய ஆதரவாளர்களே கேட்டார்கள். புத்யோன்னோவ்ஸ்க்குக்கு வந்து இறங்கியவர்கள் உள்துறை அமைச்சர் விக்தர் யெரின், உளவுத்துறைத் தலைவர் செர்கேய் ஸ்தெபாஷின், துணைப் பிரதமர் நிக்கொலாய் யெகோரொவ். ஒரு மருத்துவமனைக்கு வெளியே மூன்று பெரிய மனிதர்கள், மூன்று விதமான படைகள். கூட்டமாய்ச் சமைத்த கறி ருசிக்காது என்பது எல்லாச் சமையலறைக்கும் தெரியும்.

ஜூன் 17 விடியற்காலை ஐந்து மணி வாக்கில் தாக்குதல் தொடங்கியது. முன்னால் போனது ‘ஆல்ஃபா’ என்ற சிறப்பு அதிரடிப் படை. 1979-ல் காபூலில் ஆப்கன் அதிபர் அமீனின் அரண்மனையைத் தாக்கியதும் இவர்கள்தான். 1991-லும் 1993-லும் மாஸ்கோவில் ‘வெள்ளை மாளிகை’ எனப்பட்ட நாடாளுமன்றக் கட்டடத்தின்மேல் பாயச் சொன்னபோது தயங்கி நின்றதும் இவர்கள்தான். மருத்துவமனையைச் சுற்றித் திறந்த வெளி. உள்ளே இருப்பவர்களுக்கு ஜன்னல் ஜன்னலாக இயந்திரத் துப்பாக்கி. திகைக்க வைக்கும் சாத்தியம் எப்போதோ போயிருந்தது. இரவெல்லாம் வெளியே வண்டிகள் நகர்வதை உள்ளே இருந்தவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

சுடத் தொடங்கியதும் ஆயுததாரிகள் பெண்களை ஜன்னலில் ஏற்றி நிறுத்தினார்கள். வார்டுப் படுக்கை விரிப்பு, கிடைத்த வெள்ளைத் துணி எதையாவது கையில் பிடித்து ஆட்டிக்கொண்டு ‘சுடாதீர்கள், சுடாதீர்கள்’ என்று அந்தப் பெண்கள் கத்தினார்கள். அவர்களுடைய தோளுக்கு மேலாக, காலுக்கு இடையாக உள்ளிருந்து குண்டு பறந்தது. வெளியிலிருந்து பதில் குண்டு அந்த ஜன்னலைப் பார்த்துத்தான் வந்தது. கவச வண்டிகளின் கனரகத் துப்பாக்கிகளுக்குச் செங்கல் சுவரும் ஒன்றுதான், வெள்ளைத் துணியும் ஒன்றுதான். கட்டடத்தின் ஒரு பகுதி தீப்பிடித்தது. தொலைக்காட்சிக் காமிராக்கள் இதையெல்லாம் எடுத்துக்கொண்டிருந்தன. தனியார் தொலைக்காட்சி தலையெடுத்திருந்த காலம், மறைக்க வழியில்லை.

நான்கு மணி நேரச் சண்டையில் ஆல்ஃபா வீரர்கள் மூன்று பேர் இறந்தார்கள். கைதிகளில் செத்தவர்கள் அவர்களைப் போலப் பல மடங்கு. சில பத்துப் பேரைப் படைகள் வெளியே கொண்டுவந்தன. பிரதானக் கட்டடத்துக்குள் நுழையவே முடியவில்லை. சண்டை ஓய்ந்தபின் பேசி வைத்துக்கொண்ட தற்காலிக நிறுத்தத்தில், ஆயுததாரிகளே 200 பேருக்கு மேல் விடுவித்தார்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரர்கள். இந்த இரண்டு எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துப்பாக்கியால் மீட்டதைவிட, துப்பாக்கி ஓய்ந்ததும் வெளியே வந்தவர்கள் அதிகம். அன்று மதியத்துக்கு மேல் புத்யோன்னோவ்ஸ்க்கில் நின்றிருந்த யாருக்கும் இது புரிந்திருக்கும்.

சத்தமாகப் பேசுங்கள்

செர்கேய் கொவல்யோவ் உயிரியல் விஞ்ஞானி. சோவியத் எதிர்ப்பாளராக ஏழு வருடம் சிறை முகாமில் இருந்தவர். க்ரோஸ்னி மேல் குண்டு விழுந்த நாட்களில் அதிபர் மாளிகையின் நிலவறையில் இருந்துகொண்டு, மேலே நடப்பதை ரஷ்யாவுக்குச் சொன்னவர். அதற்குப் பரிசாக 1995 மார்ச்சில் மனித உரிமை ஆணையர் பதவியிலிருந்து நாடாளுமன்றம் அவரை இறக்கியது. துரோகி என்று பட்டம் கட்டினார்கள். ஆனால் மருத்துவமனைக்குள் இருந்தவர்கள் நம்பி வாசலைத் திறக்கக்கூடிய ரஷ்யர் அன்று அவரைப் போலச் சிலர்தான் இருந்தார்கள். துரோகிக்கும் ஒரு நாள் வேலை வருகிறது.

கொவல்யோவும் சில நாடாளுமன்ற உறுப்பினர்களும் புத்யோன்னோவ்ஸ்க் வந்தார்கள். அங்கிருந்த தளபதிகள் அவர்களை லட்சியம் செய்யவில்லை. கொவல்யோவ் மாஸ்கோவில் இருந்த முன்னாள் பிரதமர் யெகோர் கைதாருக்குத் தொலைபேசியில் பேசினார். கைதார் பிரதமர் விக்தர் செர்னோமிர்தினைப் பிடித்தார். அரசாங்க வழி அடைபட்டுக் கிடக்க, தெரிந்தவர் மூலம் தெரிந்தவரைப் பிடிக்கும் பழைய வழி திறந்தது.

செர்னோமிர்தின் எரிவாயுத் துறை ஆள். கஸ்ப்ரோம் நிறுவனத்தை உண்டாக்கியவர். பேச வராது, வாயைத் திறந்தால் இலக்கணம் இடறும். ‘நல்லதாகச் செய்ய நினைத்தோம், வழக்கம் போலவே ஆகிவிட்டது’ என்று 1993-ல் அவர் சொன்ன வாக்கியம் ரஷ்யாவில் பழமொழியாகவே ஆகிவிட்டது. அப்படிப்பட்டவர் ஜூன் 18 ஞாயிற்றுக்கிழமை, காமிராக்கள் ஓட, தன் அலுவலகத்திலிருந்து பசாயெவைத் தொலைபேசியில் அழைத்தார். லைன் சரியில்லை. ‘ஷமில் பசாயெவ், இன்னும் சத்தமாகப் பேசுங்கள்’ என்ற வார்த்தையாகத்தான் அந்த அழைப்பு ரஷ்யர் நினைவில் நிற்கிறது. அணு ஆயுத வல்லரசின் பிரதமர், கைதிகளைப் பிடித்து வைத்திருப்பவனிடம் காது கேட்கவில்லை என்று கெஞ்சுகிறாரே என்று பாதி நாடு கூசிப் போனது. மீதிப் பாதி, ஐயா, யாராவது பேசினார்களே என்று மூச்சு விட்டது.

அன்று இரவு 8.35 என்று நேரம் போட்டுப் பிரதமர் கையெழுத்திட்ட அறிக்கை வந்தது. ஜூன் 19 காலை 5 மணியிலிருந்து செச்சன்யாவில் சண்டையும் குண்டுவீச்சும் நிற்கும். வியாசெஸ்லாவ் மிகாய்லொவ் தலைமையில், ஆர்கதி வோல்ஸ்கி துணையாக ஒரு குழு க்ரோஸ்னி போய் உடனே பேச்சைத் தொடங்கும். பசாயெவுக்கும் அவர் ஆட்களுக்கும் செச்சன்யா திரும்ப வாகனமும் பாதுகாப்பும் தரப்படும். பதிலுக்குக் கைதிகள் விடுதலை.

இதில் கோரிக்கைகள் எவ்வளவு சுருங்கிவிட்டன பாருங்கள். படை வாபஸ் இல்லை. துதாயெவுடன் யெல்ட்சின் நேரில் உட்காரும் பேச்சு இல்லை. தனி நாடு என்ற சொல்லே காணோம். சண்டையை நிறுத்திப் பேசத் தொடங்குவது என்பது மட்டும் மிஞ்சியது. சமாஷ்கிக்குப் பிறகு அதைக் கேட்காமலே செய்திருக்க வேண்டும். மாஸ்கோ ‘அடிபணிந்தது’ என்று சொல்பவர்கள் அந்த அறிக்கையை முழுதாகப் படித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஜூன் 19 அன்று பஸ்கள் வந்தன. வழியில் சுட்டுவிடுவார்கள் என்ற பயத்தில், தங்களோடு சொந்த விருப்பத்தில் வர 100-க்கு மேற்பட்டவர்கள் வேண்டும் என்று ஆயுததாரிகள் கேட்டிருந்தார்கள். கைதிகளில் சிலர் முன்வந்தார்கள். கூடவே நாடாளுமன்ற உறுப்பினர்கள், நிருபர்கள். ஏறுவதற்கு முன்னால் அதிகாரிகள் ஒரு தாளை நீட்டினார்கள்: ‘இன்னார் ஆகிய நான் ஷமில் பசாயெவின் கொள்ளைக் கூட்டத்தோடு விருப்பப்பட்டுச் சேர்ந்து செச்சன்யா போகிறேன், இதன் விளைவுகளை அறிவேன்’ என்கிற ரீதியில். கையெழுத்துப் போட்டால்தான் பஸ். மற்றவர்கள் வீடு போகட்டும் என்று தன்னைப் பணயம் வைக்க வந்தவரைக் கூட்டாளி என்று எழுதி வாங்கிக்கொண்டது அரசு. இந்த முழு நிகழ்விலும் மனதை அதிகம் உறுத்துவது எனக்கு இந்தத் தாள்தான். நாளை பஸ் மேல் குண்டு போட வேண்டி வந்தால் கணக்கு நேராக இருக்க வேண்டுமே! வேறு எதற்கு அது?

பஸ்களுக்குப் பின்னால் ஒரு குளிர்சாதன லாரி. ஆயுததாரிகளில் செத்தவர்களின் உடல்கள் அதில் போயின. சரக்கு 200 என்று பொய் சொல்லி வந்தவர்கள், திரும்பும்போது நிஜமாகவே அதை ஏற்றிக்கொண்டு போனார்கள். ரஷ்யாவுக்குள் இருக்கும் பக்கத்துக் குடியரசான வட ஒசேத்தியா தன் எல்லைக்குள் விடமாட்டேன் என்றது. வரிசை திரும்பிப் புல்வெளி வழியாகச் சுற்றி, இன்னொரு பக்கத்துக் குடியரசான தகெஸ்தானுக்குள் புகுந்து ஹசவ்யூர்த் வழியே போனது. ஜூன் 20 அன்று செச்சன்ய எல்லையில் சந்தாக் கிராமத்தில் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். பஸ்ஸில் போன யாரும் சாகவில்லை. பசாயெவ் காட்டுக்குள் போனார்.

என்ன கணக்கு

அதிகாரபூர்வமாக 129 பேர் இறந்தார்கள், 400-க்கு மேற்பட்டவர்கள் காயம். காவலர்கள், சிப்பாய்களை எப்படிச் சேர்ப்பது என்பதைப் பொறுத்துக் கணக்குகள் மாறும். ஆனால் எந்தக் கணக்கை எடுத்தாலும் ஒரு விஷயம் மாறாது. சாவுகள் விழுந்தது முதல் நாள் தெருவிலும், சுட்டுத் தள்ளிய அறைகளிலும், 17-ந் தேதித் தாக்குதலிலும். தொலைபேசி அழைப்புக்குப் பிறகு 1,000-க்கும் அதிகமானவர்கள் நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

ஜூன் 21 அன்று நாடாளுமன்றம் அரசின்மேல் நம்பிக்கை இல்லை என்று 241 வாக்குகளோடு தீர்மானம் போட்டது. ஜூலை 1 அன்று மறுபடி வாக்கெடுத்தபோது பெரும்பான்மை கிடைக்கவில்லை, அரசு தப்பியது. அதற்கு முந்தின நாள் யெரின், ஸ்தெபாஷின், யெகோரொவ், ஸ்தாவ்ரோபோல் ஆளுநர் என்று நான்கு தலைகள் உருண்டன. இரண்டு மணி நேரக் கிராச்சொவ் மட்டும் நாற்காலியிலேயே இருந்தார். ஸ்தெபாஷின் நான்கு வருடம் கழித்துப் பிரதமராகவே வந்தார் என்பதால் ‘தலை உருண்டது’ என்பதைக் கொஞ்சம் தளர்த்திப் படிக்கலாம்.

ஜூலை 30 அன்று க்ரோஸ்னியில் ராணுவ ஒப்பந்தம் கையெழுத்தானது. பேச்சை உண்மையாக நடத்த நினைத்த ரஷ்யத் தளபதி அனதோலி ரொமானொவ். அக்டோபர் 6 அன்று க்ரோஸ்னியில் சுரங்கப்பாதை ஒன்றில் அவருடைய வண்டியைக் குண்டு வைத்துத் தாக்கினார்கள். உயிர் பிழைத்தார், ஆனால் பேச்சு திரும்பவில்லை. சமாதானப் பேச்சும் அதோடு சரி.

புத்யோன்னோவ்ஸ்க் ஆயுததாரிகளுக்கும் ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தது, அதை மறுக்க மாட்டேன். 1996 ஜனவரி 9 அன்று இன்னொரு செச்சன்யத் தளபதி சல்மான் ரதூயெவ் தகெஸ்தானின் கிஸ்லியார் நகரில் அதே மாதிரி ஒரு மருத்துவமனையைப் பிடித்தார். அதே மாதிரி பஸ்கள் கிடைத்தன. இந்தத் தடவை எல்லையோரத்து பெர்வமாய்ஸ்கோயே கிராமத்தில் வரிசையை மறித்துச் சுட்டார்கள். 38 குறி சுடுபவர்கள் ஆளுக்கு ஓர் இலக்கைக் கண்காணிப்பதாக யெல்ட்சின் காமிரா முன் நடித்துக் காட்டினார். கிராமத்தை ராக்கெட் போட்டுத் தரைமட்டமாக்கினார்கள். ரதூயெவ் வளையத்தை உடைத்துக்கொண்டு தப்பினார். பேசாமல் இருந்ததால் அங்கே என்ன மிச்சமானது?

அதே வருடம் ஆகஸ்டில் செச்சன்யர்கள் க்ரோஸ்னியைத் திரும்பப் பிடித்தார்கள். ஆகஸ்ட் 31 அன்று, பஸ்கள் கடந்து போன அதே ஹசவ்யூர்த்தில் ரஷ்யாவின் சார்பில் ஜெனரல் லெபெதும் செச்சன்யாவின் சார்பில் மஸ்கதொவும் போரை முடித்துக் கையெழுத்திட்டார்கள். 1999-ல் பசாயெவ் தகெஸ்தானுக்குள் படையெடுத்துப் போக, இரண்டாம் போர் தொடங்கியது. அதற்குள் மாஸ்கோவில் ஒரு முடிவு கெட்டிப்பட்டிருந்தது: இன்னொரு செர்னோமிர்தின் அழைப்பு கிடையாது.

2002 அக்டோபரில் மாஸ்கோ துப்ரோவ்கா நாடக அரங்கில் 900 பேர் அளவில் செச்சன்ய ஆயுததாரிகளிடம் பணயமாகப் பிடிபட்டார்கள். மூன்றாம் நாள் மயக்க வாயு செலுத்திப் படை உள்ளே போனது. 130 கைதிகள் இறந்தார்கள், பெரும்பாலோர் வாயுவால். மயங்கியவர்களைப் படிக்கட்டில் மல்லாக்கப் போட்டிருந்தார்கள், என்ன வாயு என்று மருத்துவர்களுக்குச் சொல்லவில்லை. 2004 செப்டம்பர் 1 அன்று வட ஒசேத்தியாவின் பெஸ்லான் நகரில் ஒன்றாம் எண் பள்ளியில் 1,100-க்கு மேற்பட்டவர்கள் பிடிபட்டார்கள். அதிகாரிகள் தொலைக்காட்சியில் 354 என்று சொன்னார்கள், உடற்பயிற்சிக் கூடத்துக்குள் அதைக் கேட்டவர்கள் இன்னும் வெறியானார்கள். மூன்றாம் நாள் டாங்கியும் தீப்பிழம்பு ஏவுகருவியும் சுட்டன. 334 பேர் இறந்தார்கள், அவர்களில் 186 குழந்தைகள். முன்கூட்டியே தகவல் இருந்தும் தடுக்கவில்லை, உள்ளே ஆட்கள் இருக்கும்போது கண்மூடித்தனமான ஆயுதங்களைப் பயன்படுத்தினார்கள் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்தது. பெஸ்லானுக்கும் பொறுப்பேற்றவர் பசாயெவ்தான்.

புத்யோன்னோவ்ஸ்க்கில் பணிந்ததால்தான் பெஸ்லான் வந்தது என்று ரஷ்யாவில் அடிக்கடி சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்ததுண்டு. ஆனால் பணிந்த இடத்தையும் பணியாத இடங்களையும் வரிசையாக வைத்துப் பிணத்தை எண்ணினால் அந்த வாதம் நிற்கவில்லை. ஆயுததாரிகளைத் தடுத்திருக்க வேண்டிய இடம் தொலைபேசி இல்லை, சோதனைச் சாவடி. பெஸ்லானுக்குப் போன வண்டியும் சாலை வழியாகத்தான் போனது. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடித்த கதையில், வாலை இன்னும் இறுக்கிப் பிடிப்பது எப்படி என்றுதான் ஒன்பது வருடம் யோசித்திருக்கிறார்கள்.

பெஸ்லானிலும் ஒருவர் பேசத்தான் போனார். செச்சன்யாவுக்குப் பக்கத்துக் குடியரசான இங்குஷேத்தியாவின் முன்னாள் அதிபர் ருஸ்லான் ஔஷெவ், செப்டம்பர் 2 அன்று தனியாகப் பள்ளிக்குள் நடந்தார். திரும்பும்போது பாலூட்டும் தாய்மாரும் கைக்குழந்தைகளுமாக 26 பேரை அழைத்து வந்தார். ஒரு பச்சைக் குழந்தையைத் தானே கையில் ஏந்திக்கொண்டு வந்தார். மறுநாள் வெடிப்புக்கு முன் அந்தப் பள்ளியிலிருந்து பேசி வெளியே வந்தவர்கள் அவர்கள்தான்.

பசாயெவ் 2006 ஜூலை 10 அன்று இங்குஷேத்தியாவில் எகாஜெவோ கிராமத்தில் செத்தார். உளவுத்துறை தன் சாதனை என்றது, அவர் ஆட்கள் விபத்து என்றார்கள். வெடித்தது ஆயுதம் ஏற்றிய ஒரு கமாஸ் லாரி.